உவாட்டு: ஓர் ஆற்றின் இழப்பை யார் அளப்பது?

பிரேசிலின் தென்கிழக்கே மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து மலைகளில் உருவாகி, எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலத்தின் வழியே அட்லாண்டிக் பெருங்கடலைச் சேரும் டோசே ஆறு, 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏறத்தாழ 16 நாட்களுக்குள் தன் நீளத்தின் பெரும்பகுதியிலும் இரும்புச் சுரங்கக் கழிவால் மூடப்பட்டது. அந்நாட்டின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் பேரழிவுகளுள் ஒன்றாகக் கருதப்படும் அந்நிகழ்வுக்குப் பிந்தைய ஒன்பது ஆண்டுகளில், ஆற்றைத் துப்புரவாக்கவும் அழிந்த ஊர்களை மறுபடி கட்டவும் இழப்பீடு வழங்கவும் செலவிடப்பட்டதாக நிறுவனங்கள் காட்டிய தொகை 3,800 கோடி ரெயால். இந்திய மதிப்பில் பல்லாயிரம் கோடி ரூபாய். இவ்வளவுக்குப் பிறகும் கரையில் வாழும் கிரெனாக் பழங்குடியினர் தங்கள் ஆறு மீண்டுவிட்டதாகக் கருதவில்லை. புதிய வீடுகளின் சாவியைப் பெற்றுக்கொண்ட கிராமத்தார் பலர், விழா நாட்களில் பழைய ஊரின் இடிபாடுகளுக்கே திரும்பிச் செல்கின்றனர். இந்த முரணுக்குப் பணத் தட்டுப்பாடு மட்டும் காரணமன்று. எது இழக்கப்பட்டது, இழந்தவர் யார், அது எப்போது ஈடுசெய்யப்பட்டதாகும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்று பார்த்தால்தான் அதன் வேர் புலப்படும்.

கழிவின் மேல் எழுந்த அணை

அக்கழிவைத் தேக்கியிருந்த, மரியானா நகராட்சி எல்லைக்குள் இருந்த ஃபுண்டாவோ அணை குடிநீருக்கோ பாசனத்துக்கோ கட்டப்பட்டதன்று. இரும்புத் தாதுவை அரைத்து, நீரில் அலசி, விற்பனைக்குரிய பகுதியைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் நுண்மணலும் வழுவழுப்பான சேறும் கொண்ட கூழைத் தேக்கிவைக்கும் கழிவு அணை அது. அதன் உரிமையாளரான சமார்கோ நிறுவனத்தில் பிரேசிலின் வாலே நிறுவனத்துக்கும் பி.எச்.பி. என்னும் பன்னாட்டு நிறுவனத்துக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. 1942இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டபோது 'டோசே ஆற்றுப் பள்ளத்தாக்கு நிறுவனம்' என்று பெயர் பூண்டிருந்த வாலே, 1997இல் தனியார்மயமாகி, அதற்குப் பத்தாண்டுகள் கழித்து ஆற்றின் பெயரை உதிர்த்துவிட்டுப் பள்ளத்தாக்கை மட்டும் வைத்துக்கொண்டது என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம்.

இத்தகைய அணைகளை உயர்த்துவதில் செலவு குறைந்த வழி 'மேற்புற முறை' எனப்படுவது. அணையை உயர்த்த வேண்டிய ஒவ்வொரு முறையும் புதிய கரையை வெளிப்புறத்துத் திடமான தரையில் எழுப்பாமல், உட்புறத்தில் ஏற்கெனவே படிந்து இறுகிய கழிவின் மேலேயே படிப்படியாக எழுப்பிச் செல்வது இதன் இயல்பு. எனவே அணையின் வலிமை, அது தாங்கி நிற்கும் கழிவின் வலிமையையே சார்ந்திருக்கிறது. அக்கழிவிலிருந்து நீர் முறையாக வடிந்தால் அணை நிற்கும், வடியாவிட்டால் நிற்காது. 2008இன் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த ஃபுண்டாவோவில் நீரை வடிக்கும் அடித்தளக் கட்டுமானம் சில மாதங்களிலேயே பழுதுபட்டது. நிறுவனங்கள் அமர்த்திய, நார்பர்ட் மார்கன்ஸ்டர்ன் என்னும் மண்ணியல் பொறியாளர் தலைமையிலான வல்லுநர் குழு 2016 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, அப்பழுதிலிருந்து தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்ட முடிவுகளின் வரிசையைப் பின்தொடர்கிறது. வடிவமைப்பு மாற்றப்பட்டதால் கழிவில் நீர் கூடுதலாகத் தங்கியது. மணல் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் சேறு படிந்தது. அணையின் இடப்பக்கக் கரையை 2012இல் பின்னுக்கு இழுத்துக் கட்டியபோது அது அந்தச் சேற்றின் மேலேயே அமைந்தது. அணை உயர உயரப் பாரம் தாங்காத சேறு பக்கவாட்டில் பிதுங்கியது, அதன் மேலிருந்த மணல் நெகிழ்ந்தது, இறுதியில் 'திரவமாதல்' என்னும் நிலை ஏற்பட்டது. கடற்கரையில் அலை வந்து போன ஈரமணலை மிதித்து மிதித்து அசைத்தால் உறுதியாக இருந்த தரை சட்டென்று கூழாகிக் கால் புதைவதைப் போல, நீர் நிறைந்த மணல்திரள் தன் உறுதியை ஒரே கணத்தில் இழந்து நீர்மம் போல் ஓடத் தொடங்குவதே திரவமாதலாகும். அணை உடைந்த நாளின் பிற்பகலில் அதன் அருகே சிறு நிலநடுக்கங்கள் பதிவாயின என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நின்ற அணையின் முடிவை அவை சற்று விரைவுபடுத்தியிருக்கக்கூடும் என்பதற்கு மேல் அவற்றுக்கு அக்குழு இடமளிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் உருவாகிவந்த ஒரு வீழ்ச்சியை இயற்கைச் சீற்றத்தின் கணக்கில் எழுதுவதற்கு இதன் பிறகு நியாயம் இல்லை.

2015 நவம்பர் 5 பிற்பகலில் ஏறத்தாழ 4 கோடி கன மீட்டர் கழிவு வெளியேறியது. சில கிலோமீட்டர் கீழே இருந்த பென்டோ ரோட்ரிகெஸ், சுமார் 600 பேர் வாழ்ந்த, தங்கச் சுரங்கக் காலத்திலிருந்தே இருந்துவரும் பழைய ஊர். அங்கே அபாயச் சங்கு எதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லை. ஊர்ப் பெண் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகச் சென்று கூவி எச்சரித்ததும், பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றியதும், நேரம் பகலாக இருந்ததுமே பெரும்பாலோர் உயிர் தப்பியதற்குக் காரணங்கள். இரவில் நேர்ந்திருந்தால் உயிர்ச்சேதம் பன்மடங்காகியிருக்கும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அணையில் வேலை செய்துகொண்டிருந்த 14 பேரும் ஊரைச் சேர்ந்த 5 பேருமாக 19 பேர் இறந்தனர். சேற்றில் சிக்கிய ஒரு தாயின் வயிற்றில் கலைந்த கருவையும் சேர்த்து இருபது என்றே பாதிக்கப்பட்டோர் எண்ணுகின்றனர்.

சேறு குவாலாஷோ டோ நோர்ட்டே என்னும் சிற்றாறு வழியாகக் கார்மோ ஆற்றுக்கும், கார்மோவும் பிராங்காவும் கூடி டோசேயாகும் இடத்தைக் கடந்து பேராற்றுக்கும் இறங்கியது. வழியில் பாரகாட்டு டி பைஷோ, ஜெஸ்டெய்ரா ஆகிய ஊர்கள் புதைந்தன. கான்டோங்கா என்றழைக்கப்படும் நீர்மின் அணை பெருமளவு சேற்றைத் தடுத்து நிறுத்தித் தானும் செயலிழந்தது. டோசேயை மட்டுமே குடிநீருக்கு நம்பியிருந்த, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட கவர்னடோர் வலாடரெஸ் நகரில் குழாய்கள் நாட்கணக்கில் வறண்டன. மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. நவம்பர் 21 வாக்கில் ரெஜென்சியா என்னும் கழிமுகச் சிற்றூரில், தோணி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் கடற்கரையை ஒட்டி, செந்நிற நீர் கடலில் கலந்து விரிந்தது.

முதல் அழிவு அன்று

இந்த ஆற்றின் நடுப்பகுதியில், ரெஸ்ப்ளெண்டோர் நகராட்சியை ஒட்டிய இடக்கரையில் கிரெனாக் மக்கள் சில நூறு பேர் வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் ஆற்றின் பெயர் உவாட்டு. அது அவர்களுக்குத் தெய்வம் உறையும் இடம் என்பதைக் காட்டிலும் குடும்பத்தின் மூத்தவர் என்பது பொருந்தும். பாட்டன் என்றே அதைக் குறிப்பிடுகின்றனர். குழந்தைகளை அதன் நீரில் குளிப்பாட்டுவது அவர்கள் நலத்தோடு வளர்வதற்கான சடங்கு. மூலிகைகள் அதன் கரையில் கிடைப்பவை. பையன்கள் மீன்பிடிக்கவும் நீந்தவும் கற்பதும், முதியோர் அவர்களுக்குக் கதைகளையும் மொழியையும் கைமாற்றித் தருவதும் நீரோரத்தில்தான் நடந்துவந்தன. புனித ஆறு என்றதும் கோயில், படித்துறை, தீர்த்தமாடல் ஆகியவற்றை எண்ணிப் பழகிய வாசகர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கிரெனாக்குகளிடத்தில் புனிதம் அன்றாட வாழ்விலிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஒன்றாக இல்லை; ஆகவே அன்றாடம் அறுபட்டபோது புனிதமும் உடன் அறுபட்டது.

சேறு வந்தது அவர்கள் வரலாற்றின் முதல் அழிவாக இருந்திருந்தால், அதன் பொருளும் வேறாக இருந்திருக்கும். 1808இல் நெப்போலியனின் படைகளுக்கு அஞ்சி ரியோ டி ஜெனிரோவுக்குப் பெயர்ந்த போர்த்துகீசிய அரசு, வந்த சில மாதங்களிலேயே, பொடொகூடோ என்று தான் அழைத்த இப்பகுதிப் பழங்குடிகள் மீது 'நியாயப் போர்' அறிவித்தது. பழங்குடியினரைக் கொல்வதையும் சிறைபிடித்து வேலை வாங்குவதையும் சட்டப்படி அனுமதிக்கும் ஆணை அது. கிரெனாக்குகள் அந்தப் போரில் எஞ்சியவர்களின் வழித்தோன்றல்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் ஊடே விட்டோரியா–மினாஸ் இருப்புப் பாதை அமைக்கப்பட்டது. பின்னர் உள்நாட்டு இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்லும் முதன்மை வழியாக மாறிய அப்பாதையில் இன்றும் வாலே நிறுவனத்தின் சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. குடியேறிகளும் பண்ணைகளும் காடழிப்பும் அந்தப் பாதையோடு வந்தன.

இராணுவ ஆட்சிக் காலத்தில் நடந்தது இன்னும் கொடியது. 1969இல் கிரெனாக் நிலத்திலேயே 'சீர்திருத்த இல்லம்' என்ற பெயரில் ஒரு சிறை நிறுவப்பட்டு, பிரேசிலின் பல பகுதிகளைச் சேர்ந்த பழங்குடியினர் அங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டனர். குடித்தது, அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறியது போன்றவையெல்லாம் குற்றங்களாகக் கொள்ளப்பட்டன. தாய்மொழியில் பேசுவதும் தண்டனைக்கு உள்ளாயிற்று. 1972இல் நிலத்தைப் பண்ணையாளர்களுக்கு விட்டுக்கொடுக்கும் பொருட்டுக் கிரெனாக்குகள் ஆற்றிலிருந்து தொலைவில் உள்ள கார்மேசியாவில் ஒரு பண்ணைக்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டனர். 1980இல் அவர்களுள் பலர் தாமாகவே திரும்பி வந்து கரையில் குடியேறினர். நீண்ட வழக்கின் பிறகு 1990களில்தான் ஏறத்தாழ 4,000 ஹெக்டேர் நிலம் அவர்கள் வசம் மீண்டது. இந்தக் கொடுமைகளுக்காகப் பிரேசில் அரசின் பொதுமன்னிப்பு ஆணையம் கிரெனாக் சமூகத்திடம் கூட்டாக மன்னிப்புக் கோரியது 2024 ஏப்ரலில். ஒரு தலைமுறையே முதுமையடைந்து மறைந்த பிறகு வந்த மன்னிப்பு அது என்றாலும், தனிமனிதர்களிடம் மட்டுமன்றி ஒரு சமூகத்திடம் மொத்தமாக அவ்வாணையம் மன்னிப்புக் கேட்ட முதல் தருணங்களுள் ஒன்று என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு.

இந்த வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விரட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் கிரெனாக்குகள் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடம் ஆறு. 2015இல் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், ஆறு அவர்களைவிட்டு நீங்கிற்று. அச்சமூகத்தில் 1953இல் பிறந்தவரும், 1987இல் அரசியல் நிர்ணய மன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தில் கருஞ்சாயத்தைப் பூசித் துக்கம் காட்டியதன் மூலம் நாடறியப்பட்டவரும், பின்னர் பிரேசில் இலக்கியப் பேரவைக்குத் தெரிவான முதல் பழங்குடி எழுத்தாளருமான ஐல்டன் கிரெனாக், ஆற்றை நினைவிழந்து கிடக்கும் உறவினராகவும் அதன் மக்களை ஆதரவற்றவர்களாகவும் தம் நூலொன்றில் சித்திரிக்கிறார். இறந்தது என்று முடிவு கட்டாமல், மீளக்கூடும் என்ற எதிர்பார்ப்பையும் கைவிடாமல் இருக்கும் அந்த நிலையே கரையோர மக்களின் நிலையைச் சரியாகச் சொல்வது.

சேறு தங்கள் கரையை அடைந்த சில நாட்களுக்குள் கிரெனாக்குகள் செய்த முதல் வேலை இருப்புப் பாதையில் அமர்ந்ததுதான். தாது வண்டிகள் நின்றன. நிறுவனம் பேச வந்தது. குடிநீர் லாரிகளும் மாதாந்திர உதவித்தொகையும் அதன் பிறகே வந்தன. அன்றாட நீருக்குத் தடை வந்த ஊரில் லாரி நீர் இன்றியமையாததே. ஆனால் அந்த நீரைக் குடிக்கலாமே தவிர அதில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுத்தர இயலாது. மாதந்தோறும் வரும் பணத்தைக் கொண்டு கடையில் மீன் வாங்கலாம், மீன்பிடித்தலோடு சேர்ந்து கற்கப்பட்ட சொற்களை வாங்க முடியாது. நீரின் மாசு அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் வந்துவிட்டது என்று ஆய்வறிக்கை சொன்னாலும், ஆற்றை அஞ்சி வளர்ந்த ஒரு குழந்தைப் பருவம் அந்த அறிக்கையில் எந்த நிரலிலும் இடம்பெறுவதில்லை.

'பாதிக்கப்பட்டவர்' என்னும் தகுதி

பேரழிவு நிகழ்ந்து நான்கே மாதங்களில், 2016 மார்ச்சில், கூட்டரசும் இரு மாநில அரசுகளும் மூன்று நிறுவனங்களும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன்படி உருவான ரெனோவா அறக்கட்டளை, நிறுவனங்களின் பணத்தில் 42 திட்டங்களை நிறைவேற்றும் தனி அமைப்பாகப் பொறுப்பேற்றது. அரசு எந்திரத்தின் தாமதத்தைத் தவிர்க்கும் ஏற்பாடாக இது புகழப்பட்டது. பாதிக்கப்பட்டோர் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை என்பது அப்போதே கூட்டரசு வழக்குரைஞர் துறையால் கண்டிக்கப்பட்டது. ஆயினும் ஏற்பாடு நிலைத்தது.

ஏற்பாட்டின் அடிப்படைக் குறைபாடு அதன் முதல் படியிலேயே இருந்தது. இழப்பீடு பெற ஒருவர் முதலில் 'அட்டிஞ்ஜிடோ', அதாவது பாதிக்கப்பட்டவர், என்று ஏற்கப்பட வேண்டும். அதற்கு நீண்ட படிவங்களை நிரப்பிச் சான்றுகளைக் காட்ட வேண்டும். ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது, இழப்பை விளைவித்தவர்கள் பணத்தில் நடக்கும் அமைப்பு. மீன்பிடி உரிமச் சீட்டு வைத்திருந்தவர் எளிதில் பதிவானார். சீட்டின்றிச் சந்தைக்கும் வீட்டுக்குமாக மீன் பிடித்தவர் தொழிலாளி என்பதை நிறுவ வேண்டியிருந்தது. வலை பின்னியும் மீன் சுத்தம் செய்தும் விற்றும் வந்த பெண்கள், கணவரின் பதிவில் சார்ந்திருப்போராகச் சேர்க்கப்பட்டனர். ஆற்று மணலை அலசித் தங்கத்துகள் எடுத்துப் பிழைத்த மரபுவழித் தொழிலாளர்களும், கழிமுகத்துக்கு அப்பால் கடலோரத்தில் 2016 பிப்ரவரி முதல் நீதிமன்ற ஆணையால் மீன்பிடிக்க முடியாமற்போனவர்களும் தாங்களும் பாதிக்கப்பட்டவர்களே என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினர். 2020இல் நீதிமன்றம் வழியே அறிமுகமான எளிய இழப்பீட்டு முறை பதிவுச் சிக்கலைக் குறைத்துத் தொழில்வாரியாக ஒரே தொகையைப் பலருக்குக் கொடுத்தது. பதிலுக்கு இனி எந்தக் கோரிக்கையும் எழுப்புவதில்லை என்ற உறுதிமொழியையும் பெற்றுக்கொண்டது. வருமானமின்றி ஐந்தாண்டுகள் காத்திருந்த ஒருவர் அந்தத் தாளில் கையொப்பமிடுவதைச் சம்மதம் என்று சட்டம் அழைக்கலாம்.

இழப்பு ஆளுக்காள் பிரித்துக் கணக்கிடப்பட்டதால் விளைந்த சமூகச் சேதமும் சிறிதன்று. ஒரே தெருவில் ஒருவருக்குத் தொகை வந்து மற்றவருக்கு வராதபோது, அறக்கட்டளையின் மீது எழ வேண்டிய கோபம் அண்டை வீட்டின் மீது திரும்பியது. மரியானா நகரில் வாடகை வீடுகளில் தங்கவைக்கப்பட்ட பென்டோ மக்கள் மீது, சுரங்கம் மூடியதால் வேலையிழந்த நகரத்தாருக்கு ஏற்பட்ட கசப்பும் இதில் சேர்க்கத் தக்கது. மரியானாவின் வருவாய் பெரிதும் சுரங்கத்தையே சார்ந்தது. தங்களைக் காயப்படுத்திய நிறுவனம் மீண்டும் திறக்க வேண்டும் என்று ஊர்வலம் போன மக்களும் அங்கே உண்டு. சமார்கோ 2020 டிசம்பரில், கழிவின் பெரும்பகுதியை வடிகட்டி உலர்நிலையில் அடுக்கும் புதிய முறையோடு, மறுபடி இயங்கத் தொடங்கியது. அந்த முறை அதற்கு முன்பும் உலகுக்குத் தெரியாத ஒன்றன்று.

புது ஊரும் பழைய ஊரும்

பென்டோ ரோட்ரிகெஸை எங்கே மறுபடி அமைப்பது என்பதை ஊரார் 2016 மே மாதம் வாக்களித்து முடிவு செய்தனர். லாவோரா என்னும் இடம் மிகப் பெரும்பான்மையால் தெரிவாயிற்று. மறுகட்டுமானத்தின் முழு வரலாற்றிலும் பாதிக்கப்பட்டோர் தாங்களே ஒருமித்துத் தீர்மானித்த அரிய முடிவு அது. 2019இல் முடிய வேண்டிய பணி தள்ளிக்கொண்டே போய், முதல் குடும்பங்கள் 2023இல்தான் குடியேறின. இடைப்பட்ட ஆண்டுகளில் முதியோர் பலர் வாடகை வீட்டிலேயே இறந்தனர்.

கட்டி முடிக்கப்பட்ட ஊர் அகலமான சாலைகளும் பெரிய வீடுகளும் கொண்டது. படத்தில் பார்ப்போருக்குப் பழைய ஊரைக் காட்டிலும் வளமானதாகவே தோன்றும். எனினும் பழைய பென்டோவின் வாழ்க்கை வீட்டுக்குள் நடந்ததன்று. கொல்லையில் பழமரமும் கோழியும், ஓடையில் காசில்லாத நீரும், வேலி என்று சொல்ல முடியாத வேலியைத் தாண்டி நடக்கும் கொடுக்கல் வாங்கலுமாக இருந்த சிற்றூர் அது. புது ஊர் நகர்ப்புறக் குடியிருப்பின் இலக்கணப்படி அமைந்தது. நீர்க்கட்டணமும் சொத்து வரியும் பராமரிப்புச் செலவும் குடியேறியோரின் புதிய கவலைகள். நட்டம் எவ்வளவு என்று கேட்டவர்கள் சதுர மீட்டரில் விடை பெற்றுக்கொண்டு, சதுர மீட்டரில் திருப்பிக் கொடுத்தனர் எனலாம்.

ஊரை உண்மையில் உயிரோடு வைத்திருந்தவை அந்தத் திட்டங்களுக்கு வெளியே நிகழ்ந்தவை. சேறு எட்டாத மேட்டில் தப்பி நின்ற மெர்சேஸ் மாதா சிற்றாலயத்தில் ஊரார் விழா நாட்களில் கூடி வழிபடுகின்றனர். 'பென்டோ பித்தர்கள்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஒரு குழுவினர் வார இறுதிகளில் இடிபாடுகளுக்கிடையே தங்கி, அந்த நிலம் இன்னும் தங்களுடையதே என்பதை நடைமுறையால் நிலைநாட்டினர். மேலும் சேறு இறங்காமல் தடுப்பதற்கென்று நிறுவனம் எழுப்பிய ஒரு தடுப்பணை பழைய ஊரின் ஒரு பகுதியை நீரில் மூழ்கடித்தபோது, அவர்கள் எதிர்ப்பின் பொருள் இன்னும் தெளிவாயிற்று. சிறிய மிளகாய் வகையொன்றில் இனிப்புக் கூழ் செய்து விற்றுவந்த பென்டோ பெண்களின் கூட்டுறவு, ஊர் போன பிறகும் தொழிலை விடவில்லை. 2016 முதல் பாதிக்கப்பட்டோர் தாமே எழுதி வெளியிடும் மாத இதழுக்கு, அன்று ஒலிக்காத அபாயச் சங்கின் பெயரையே இட்டனர். வழக்கின் நிலவரத்தோடு சமையல் குறிப்பும் திருவிழா நினைவும் இறந்தோர் பற்றிய குறிப்பும் ஒரே இதழில் இடம்பெறும் அந்த ஏடு, இழப்பின் பட்டியலை எவர் எழுத வேண்டும் என்ற வழக்கில் பாதிக்கப்பட்டோர் தரப்பு ஆவணமாகவே கொள்ளத் தக்கது.

ஊற்றுகளிலிருந்து

ஆற்றை மீட்பது பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. சேறு வருவதற்கு முன்பே டோசே நோயுற்ற ஆறாகத்தான் இருந்தது. பள்ளத்தாக்கை மூடியிருந்த அட்லாண்டிக் காடு மேய்ச்சல் நிலத்துக்காகவும், உருக்காலைகளுக்கு வேண்டிய மரக்கரிக்காகவும் வெட்டப்பட்டது. காடிழந்த சரிவுகளின் மண் மழைதோறும் ஆற்றில் இறங்கிப் படுகையைத் தூர்த்தது. கரையோர நகரங்களின் சாக்கடை பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலேயே ஆற்றில் விடப்பட்டது. கிரெனாக் நிலத்துக்குச் சற்றுக் கீழே ஐமோரெஸில் எழுந்த நீர்மின் அணை ஆற்றின் போக்கையும் மீனின் வலசையையும் முன்னரே குலைத்திருந்தது.

அதே ஐமோரெஸில், தம் குடும்பத்தின் வறண்ட பண்ணை நிலத்தில், ஒளிப்படக் கலைஞர் செபாஸ்தியாவோ சல்காடோவும் அவருடைய மனைவி லேலியாவும் 1998இல் தொடங்கிய 'டெர்ரா' நிறுவனம், 700 ஹெக்டேர் அளவுள்ள மேய்ச்சல் நிலத்தில் உள்ளூர் மரவகைகளை இலட்சக்கணக்கில் நட்டு மீண்டும் காடாக்கியது. காடு எழுந்தபின் அங்கே வற்றிப்போன ஊற்றுகள் திரும்பின. அந்த அனுபவத்தைக் கொண்டு பள்ளத்தாக்கின் சிறு விவசாயிகளின் நிலங்களில் உள்ள ஊற்றுக்கண்களை வேலியிட்டுக் கால்நடைகள் மிதிக்காமல் காத்து, சுற்றிலும் மரம் நட்டு மீட்கும் பணியை அந்நிறுவனம் சேற்றுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 2025 மே மாதம் சல்காடோ மறைந்த பின்னும் பணி தொடர்கிறது. ஒரு பேராற்றை அதன் படுகையில் மட்டும் நின்று துப்புரவாக்க முடியாது, அதற்கு நீர் தரும் ஆயிரக்கணக்கான ஊற்றுகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற இந்த அணுகுமுறை, மாசு அளவீடுகளோடு நின்றுவிடும் அணுகுமுறையைவிடக் கிரெனாக்குகளின் ஆற்றுப் பார்வைக்கு நெருக்கமானது. ஆனால் இதுவும் மெல்ல நடக்கும் வேலை. தலைமுறைக் கணக்கில் பலன் தருவது.

நீதிமன்றங்களின் பாதை

2017இல் ஒரு தன்னார்வ அமைப்பு, டோசே ஆற்றையே வாதியாகக் கொண்டு, அதற்குச் சட்ட ஆளுமை, அதாவது மனிதரையும் நிறுவனத்தையும் போலத் தன் பெயரிலேயே உரிமை கோரும் தகுதி, வேண்டுமென்று பிரேசில் நீதிமன்றத்தை நாடியது, வழக்கு ஏற்கப்படவில்லை. அதே ஆண்டில் நியூசிலாந்து, மவோரி மக்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில், வாங்கனுயி ஆற்றுக்கு அத்தகுதியைச் சட்டமியற்றி அளித்தது. கங்கைக்கும் யமுனைக்கும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு வழங்கிய அத்தகுதியைச் சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததை இந்திய வாசகர் நினைவுகூர்வர். வாங்கனுயியில் ஆற்றின் சார்பில் பேசுவோர் யார் என்பதை அதன் மக்களோடு கலந்து சட்டமே வரையறுத்தது. மற்ற இரண்டிலும் அப்படி மக்களோடு கலந்து செய்த வரையறை இல்லை. ஆற்றுக்கு ஆளுமை தருவது அரிய கருத்தே. ஆளுமையைக் காட்டிலும் அதன் பேராளர் யார் என்பதே நடைமுறையில் எடைமிக்க கேள்வி.

2019 ஜனவரி 25 அன்று அதே மாநிலத்தில் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் மற்றொரு மேற்புற முறை அணை உடைந்து 270 பேரைக் கொன்றது. மேற்புற முறை அணைகளுக்குப் பிரேசில் தடை விதித்தது அதற்குப் பிறகுதான். மரியானாவிலிருந்து பாடம் கற்கப்பட்டதா என்று இனித் தனியே ஆராயத் தேவையில்லை.

2024ஆம் ஆண்டின் இறுதி மூன்று மாதங்களில் மூன்று வெவ்வேறு அரங்குகளில் காய்கள் நகர்ந்தன. அக்டோபர் 25 அன்று 17,000 கோடி ரெயால் மதிப்புள்ள புதிய உடன்படிக்கை கையெழுத்தாகி, நவம்பரில் பிரேசிலின் கூட்டரசு உச்ச நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. முன்னரே செலவானதாகக் காட்டப்பட்ட 3,800 கோடியும், நிறுவனங்கள் தாமே செய்து முடிக்க வேண்டிய பணிகளுக்கான 3,200 கோடியும் இதில் அடக்கம்; எஞ்சிய 10,000 கோடி 20 ஆண்டுகளில் தவணையாக அரசுகளுக்கு வந்து சேரும். ரெனோவா கலைக்கப்பட்டது. பழங்குடியினருக்கும் மரபுவழிச் சமூகங்களுக்கும் 800 கோடி ஒதுக்கப்பட்டது. நவம்பர் 14 அன்று போன்ட்டே நோவா கூட்டரசு நீதிமன்றம் குற்ற வழக்கில் மூன்று நிறுவனங்களையும் குற்றம்சாட்டப்பட்ட தனிநபர்களையும், சாவுகளுக்குக் குறிப்பிட்ட எவரையும் பொறுப்பாக்கப் போதிய சான்று இல்லை என்று விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. இதற்கிடையே 2018 முதல் இழுபட்டுவந்த, 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரும் நகராட்சிகளும் கிரெனாக் சமூகத்தினரும் வாதிகளாக உள்ள, பி.எச்.பி. மீதான வழக்கின் விசாரணை லண்டன் உயர் நீதிமன்றத்தில் அக்டோபரில் தொடங்கியிருந்தது.

அந்த வழக்கில் 2025 நவம்பர் 14 அன்று, போன்ட்டே நோவா விடுதலைக்குச் சரியாக ஓராண்டு கழித்து, அணை உடைந்ததற்குப் பி.எச்.பி. சட்டப்படி பொறுப்பாகும் என்றும், அணையின் ஆபத்து முன்னரே அறியக்கூடியதாக இருந்தது என்றும் தீர்ப்பு வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இது பெரிய வெற்றி என்றாலும், தங்கள் ஊர்களிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தாங்கள் பேசாத மொழியில், தங்கள் நாட்டுச் சட்டத்தை அயல்நாட்டு நீதிபதி விளக்கக் கேட்டுப் பெற வேண்டியிருந்த வெற்றி.

கிரெனாக்குகளின் கோரிக்கைப் பட்டியலோ இந்த வழக்குகளைவிடப் பழையது. ஆற்றின் வலக்கரையில் செட்டே சலோயிஸ் என்னும் குகைகள் கொண்ட மலைப்பகுதி அவர்களுக்கு முன்னோர் உறையும் புனித இடம். 1990களில் மீண்ட நிலத்தில் அது சேர்க்கப்படவில்லை, மாறாக 1998இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இடக்கரையில் வாழ்வும் வலக்கரையில் முன்னோரும் என்றிருக்கையில் இரண்டையும் இணைப்பது ஆறுதான் என்பதால், உவாட்டுவை மீட்பதும் செட்டே சலோயிஸை மீட்பதும் அவர்களுக்கு ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். இராணுவ ஆட்சிக் காலச் சிறை குறித்த வழக்கில் 2021இல் தீர்ப்பளித்த கூட்டரசு நீதிமன்றம், அப்பகுதியைப் பழங்குடி நிலமாக வரையறுக்கும் பணியை முடிக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. லண்டன் வழக்குக்குத் திரும்பினால், அந்தத் தீர்ப்பு பொறுப்பு யாருடையது என்பதை மட்டுமே முடிவு செய்தது. எந்த இழப்புக்கு எவ்வளவு என்பது அடுத்த கட்ட விசாரணைக்கு உரியது. மீனுக்கும் வலைக்கும் விளைநிலத்துக்கும் விலைப்பட்டியல்கள் உண்டு. ஆற்றைப் பாட்டன் என்று சொல்லி அதன் இழப்புக்கு ஈடு கேட்கும் வாதிகளின் கணக்கையும் அந்த விசாரணையில் நீதிமன்றம் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.